கற்காரையின் தேய்வும் தேர்வும்

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் பழமொழி. விடாமுயற்சியின் பெருமையை விளக்குதற்கே ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துச் சொல்வர். ஆயினும் இப்பழமொழியின் அடியில் இயற்கை பற்றிய ஓர் உண்மையும் கிடக்கின்றது. மென்மையான பொருளும் ஓயாது உராய்ந்தால் வன்மையான பொருளைத் தேய்த்துவிடும் என்பதே அவ்வுண்மை. அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்ந்து வழுவழுப்பானபோது கல் கொத்துவோரை அழைத்துக் கொத்திக்கொண்ட குடும்பத்தார், இதனை நூலில் படித்து அறிந்தவர் அல்லர். கையால் அரைத்து அறிந்தவர்.

பழமொழி உண்மையைச் சொல்கிறதே அன்றி அளவைச் சொல்வதில்லை. எத்தனை எறும்பு, எத்தனை ஆண்டு, எவ்வளவு தேய்வு என்னும் வினாக்களுக்கு அதில் விடை இல்லை. சாலையும் கிடங்கும் அணையும் கட்டுவோர்க்கோ இவ்வினாக்களே தலையாயவை. சிமெண்டு, மணல், சல்லி, நீர் ஆகிய நான்கும் கலந்து இறுகிய செயற்கைக் கல்லாகிய கற்காரை, அதாவது கான்கிரீட், இன்று உலகெங்கும் மனிதர் காலடியில் கிடக்கின்றது. அதன் மேற்பரப்பு எத்துணைக் காலம் தேயாது நிற்கும் என்பதை முன்கூட்டியே அறிய அறிஞர் செய்த முயற்சிகளின் வரலாறு, ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டு வரலாறாகும்.

வலிமை வேறு, தேய்வு வேறு

கற்காரையின் வலிமையை அளப்பது ஒப்பளவில் எளிது. கலவையைக் கனசதுரமாகவோ உருளையாகவோ வார்த்து, 28 நாள் ஈரத்தில் வைத்து, பின்பு பொறியில் இட்டு நசுக்குவர். எவ்வளவு பாரத்தில் அது உடைகின்றதோ அதுவே அதன் வலிமை. இச்சோதனை கட்டையின் உடல் முழுவதையும் பற்றியது. தேய்வோ உடலைப் பற்றியதன்று, தோலைப் பற்றியது. தளம் ஒன்றின் மேலுள்ள சில மில்லிமீட்டர் கனமே காலடியையும் சக்கரத்தையும் தாங்குகின்றது. உள்ளே உறுதியான கற்காரை இருந்தும், மேலே விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் தளங்கள் உண்டு. எனவே நசுக்கிப் பார்க்கும் சோதனை மட்டும் தேய்வைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிடாது. இவ்வேறுபாட்டைப் பொறியியலார் தெளிவுறக் கற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின.

தெருவே தேர்வுக்கூடம்

அமெரிக்க நாட்டின் ஓகாயோ மாநிலத்தில் பெல்போன்டைன் என்னும் சிற்றூர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர்த் தெருக்கள் மழைக்காலத்தில் சேறாயும் கோடையில் புழுதியாயும் கிடந்தன. ஜார்ஜ் பார்த்தலோமியூ என்பார் சிமெண்டுத் தொழிலைக் கற்றவர். அவ்வூரின் அண்மையில் சிமெண்டு செய்தற்கேற்ற சுண்ணச் சேறும் களிமண்ணும் கிடைப்பதைக் கண்டு, தெருவுக்குச் “செயற்கைக் கல்” பரப்பலாம் என்று நகரமன்றத்தாரிடம் கூறினார். மன்றத்தார் எளிதில் நம்பவில்லை. இரும்பு லாடம் அடித்த குதிரைகளும் இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்களும் நாள்தோறும் மிதித்தும் உருண்டும் செல்லும் தெருவில், சிமெண்டுக் கலவை எத்துணை நாள் நிற்கும் என்பதே அவர்தம் ஐயம்.

அக்காலத்தில் அவ்வையத்தைத் தீர்க்கத்தக்க சோதனை எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆகவே நகரமன்றத்தார் வேறொரு வழி கண்டனர். பொருள்களைப் பார்த்தலோமியூவே தம் செலவில் தருதல் வேண்டும். தளம் ஐந்தாண்டு நிலைக்கும் என்பதற்கு 5,000 டாலர் பிணையும் வைத்தல் வேண்டும் என்று நிபந்தனை இட்டனர். அவர் அதற்கும் இசைந்தார். 1891இல் நீதிமன்றக் கட்டடத்தை ஒட்டிய முதன்மைத் தெருவில் ஒரு குறுகிய பட்டையாக அத்தளம் இடப்பட்டது. குதிரைகள் வழுக்கி விழாதிருக்க மேற்பரப்பில் சிறு சிறு சதுரங்களாகக் கோடுகள் கீறப்பட்டன. தளம் நன்கு நிற்கக் கண்டு, 1893இல் நீதிமன்றத்தைச் சூழ்ந்த பிற தெருக்களுக்கும் கற்காரை இடுவித்தனர். அமெரிக்காவின் முதற் கற்காரைத் தெரு என்று போற்றப்படுவது இதுவே. அப்பழைய தளத்தின் ஒரு பகுதி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அழியாது நின்றது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்றுண்டு. இங்கே தெருவே தேர்வுக்கூடம்; குதிரைகளே சோதனைப் பொறிகள்; சோதனைக்கு எடுத்துக்கொண்ட காலம் ஐந்தாண்டு. இதனினும் உண்மையான சோதனை ஒன்று இருத்தல் அரிது. ஆனால் தோற்றிருப்பின் ஒரு மனிதரின் 5,000 டாலரும் நற்பெயரும் ஒருங்கே போயிருக்கும். ஊர்தோறும் இவ்வாறு ஐந்தாண்டு காத்திருக்க எவராலும் இயலாது. ஐந்தாண்டுத் தேய்வை ஐந்து மணிக்குள் காட்டவல்ல பொறி ஒன்று தேவைப்பட்டது.

காலத்தைச் சுருக்கிய பொறிகள்

கற்காரைக்கு முன்னரே சாலைக் கற்களுக்கு இத்தகைய பொறி தோன்றிவிட்டது. 1870களில் பிரான்சு நாட்டுச் சாலைப் பொறியியலார் பயன்படுத்திய தெவால் பொறியில், உடைத்த கற்களை உருளைப் பாத்திரத்தில் இட்டு 10,000 சுற்றுகள் சுழற்றுவர். பாத்திரம் அச்சுக்குச் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் கற்கள் முன்னும் பின்னும் சரிந்து ஒன்றோடொன்று மோதித் தேயும். இறுதியில் உதிர்ந்த பொடியைச் சலித்து நிறுத்தால் கல்லின் தரம் விளங்கும்.

ஜெர்மனியில் மியூனிச் நகரப் பேராசிரியர் யோகான் பவுசிங்கர், கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் முறைகளை ஒருமைப்படுத்தும் பொருட்டு 1884இல் அறிஞர் மாநாடு ஒன்றைக் கூட்டினார். ஓர் ஊரில் ஒரு முறையும் மற்றோர் ஊரில் வேறொரு முறையும் கையாளப்பட்டால் விடைகளை ஒப்பிடுதல் இயலாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அளவுகோல் ஒன்றாக இருந்தாலன்றி அளந்ததால் பயன் இல்லையன்றோ?

ஜெர்மானியர் வளர்த்த முறைகளுள் பேமே வட்டு எனப்படுவது இன்றளவும் ஐரோப்பாவில் வழங்குகின்றது. 71 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டையைச் சுழலும் இரும்பு வட்டின்மீது 294 நியூட்டன் விசையால், அதாவது ஏறத்தாழ 30 கிலோகிராம் பாரத்தால், அழுத்துவர். வட்டின்மேல் 20 கிராம் குருந்தப் பொடி தூவப்படும். 22 சுற்று முடிந்ததும் பழைய பொடியை நீக்கிப் புதுப் பொடி தூவி, கட்டையைக் கால் வட்டம் திருப்பி வைப்பர். இவ்வாறு 16 முறை, ஆக 352 சுற்று. கட்டை இழந்த கன அளவே அதன் தேய்வு. சாணைக்கல்லில் கத்தி தீட்டுவதைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

அமெரிக்கர் வேறு வழியில் சென்றனர். தெருவில் பதிக்கும் செங்கற்களைச் சோதிக்க அவர்களிடம் சுழலும் பீப்பாய் போன்ற உருள்கலம் ஒன்று இருந்தது. அதன் வழிவந்த டால்பட்–ஜோன்ஸ் உருள்கலத்தில் கற்காரைப் பாளங்களை உட்சுவராக அடுக்கி, நடுவே இரும்புக் குண்டுகளை இட்டுச் சுழற்றினர். குண்டுகள் உருண்டும் விழுந்தும் பாளங்களைத் தேய்த்தன. குதிரை லாடத்தின் அடியும் வண்டிச் சக்கரத்தின் உராய்வும் இதில் ஓரளவு ஒருங்கே அமைந்தன எனலாம்.

நீரின் அளவும் பொறுமையும்

சிக்காகோவில் இருந்த லூயிஸ் கல்விநிலையத்தில் பேராசிரியராக விளங்கியவர் டஃப் ஆபிரகாம்ஸ். இவர் அவ்வுருள்கலத்தைக் கொண்டு பலவகைக் கற்காரைகளைச் சோதித்தார். கலவையில் உள்ள நீருக்கும் சிமெண்டுக்கும் இடையேயுள்ள விகிதமே கற்காரையின் வலிமையைப் பெரிதும் முடிவு செய்கின்றது என்று 1918இல் இவர் வெளியிட்ட முடிபு கட்டடக் கலையில் ஒரு திருப்பமாகும். நீர் மிகுந்தால் வலிமை குறையும். தேய்வைத் தாங்கும் ஆற்றலும் அதனோடு சேர்ந்து குறையும் என்பதை அவருடைய சோதனைகள் காட்டின.

இதன் காரணம் அறியத்தக்கது. சிமெண்டு நீரோடு சேர்ந்து வேதியியல் முறையில் மாறியே இறுகுகின்றது. அம்மாற்றத்திற்குத் தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரையே அது கட்டிக்கொள்கின்றது. கலவை எளிதாகப் பரவுதற்காக அதனினும் மிகுதியாக நீர் ஊற்றுவர். அம்மிகுதி நீர் பின்னர் வெளியேறும்போது, அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நின்றுவிடும். அன்றியும், ஈரக் கலவையில் கல்லும் மணலும் கீழே அமிழ, நீர் மேலே கசிந்து வரும். அதனோடு நுண்ணிய சிமெண்டுப் பாலும் எழுந்து மேற்பரப்பில் படியும். அந்நீர் தேங்கி நிற்கும்போதே கொத்தனார் அவசரப்பட்டுக் கரணையால் தேய்த்துவிட்டால், நீர் முழுவதும் மேற்படலத்திற்குள்ளேயே அடைபட்டுப் போகும். பார்வைக்குக் கண்ணாடிபோல் மின்னும் அத்தளம், சில திங்களில் மாவாக உதிரத் தொடங்கும்.

வார்த்த கற்காரையை எத்தனை நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் ஆபிரகாம்ஸ் 1919இல் ஆராய்ந்தார். விரைவில் உலர விட்டதைக் காட்டிலும் பல நாள் ஈரத்தில் காத்த கற்காரை மிகக் குறைவாகவே தேய்ந்தது. முதலில் உலர்வது மேற்பரப்பேயாதலின், நீராற்றுதலில் செய்யும் குறை முதலில் தாக்குவதும் மேற்பரப்பையே. ஈரச் சாக்கை விரித்து நாள்தோறும் நீர் தெளிக்கும் பணியாள், பொறியியலாரின் கணக்குக்குச் சற்றும் குறையாத பணியைச் செய்கின்றார் என்பதை இச்சோதனை எண்களாலேயே மெய்ப்பித்தது.

தேய்வின் வகைகள்

20ஆம் நூற்றாண்டில் குதிரையும் இரும்புப் பட்டைச் சக்கரமும் தெருவினின்று மறைந்தன. காற்றடைத்த ரப்பர்ச் சக்கரங்கள் வந்தன. அவை கற்காரையைத் தேய்ப்பது மிகக் குறைவு. ஆனால் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் இரும்பு உருளைகள் பூண்ட தள்ளுவண்டிகள் பெருகின. ஆறுகளில் அணைகள் எழுந்தன. தேய்வும் தன் உருவை மாற்றிக்கொண்டது. காலடியால் மெல்ல உராய்வது ஒரு வகை. சிறிய கடிய சக்கரம் பாரத்தோடு உருண்டு நசுக்குவது ஒரு வகை. வேகமாக ஓடும் நீர் மணலையும் கல்லையும் வாரிவந்து அரைப்பது பிறிதொரு வகை. ஒன்றைத் தாங்குவது மற்றொன்றையும் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இதனை உணர்ந்த அமெரிக்கப் பொருட்சோதனைச் சங்கத்தார் ஒரே சோதனையோடு அமையவில்லை. மேற்பரப்பில் மணலைக் காற்றால் பீச்சியடிக்கும் முறையை ஒரு நியமமாக வகுத்தனர். பின்னர் மூன்று பொறிகளை உள்ளடக்கிய வேறொரு நியமமும் வகுக்கப்பட்டது. சுழலும் எஃகு வட்டுகள் காலடி உராய்வைப் போன்றவை. பல் வெட்டிய சக்கரங்கள் இரும்புச் சக்கரம் வெட்டியும் குத்தியும் செல்வதைப் போன்றவை. எஃகுக் குண்டுகள் சிறிய இடத்தில் பெரும்பாரம் ஏறுவதைப் போன்றவை.

இங்கிலாந்தில் சாப்ளின் என்பார் பெயரால் வழங்கும் பொறியோ வேறொரு குறையை நீக்கியது. ஆய்வுக்கூடத்தில் தனியே வார்த்த கட்டையை விடுத்து, கட்டி முடித்த தளத்தின் மீதே அப்பொறியை வைக்கலாம். மூன்று கடிய எஃகுச் சக்கரங்கள் ஒரே வட்டப் பாதையில் 2,850 முறை சுற்றும். இதற்கு ஏறத்தாழக் கால்மணி நேரமே ஆகும். பாதை எவ்வளவு ஆழம் குழிந்தது என்று பின்னர் அளப்பர். மிக உயர்ந்த தரத்துத் தளங்களில் அக்குழிவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. 1980களில் பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பொறியால் செய்த ஆய்வுகள் ஓர் உண்மையை வலியுறுத்தின. ஒரே கலவையாயினும், தேய்த்து முடிக்கும் முறையும் நீராற்றும் முறையும் மாறினால் தேய்வும் பெரிதும் மாறுகின்றது. கலவையைச் சோதித்தல் மட்டும் போதாது. கைவினையையும் சோதித்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்பட்டது.

கின்சுவா அணையின் பாடம்

பொருந்தாத நம்பிக்கையால் வரும் கேட்டையும், பொருத்தமான சோதனையால் வரும் நன்மையையும் ஒருங்கே காட்டவல்லது கின்சுவா அணையின் வரலாறு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலெகேனி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இவ்வணை 1965இல் நிறைவுற்றது. பிட்ஸ்பர்க் நகரையும் ஆற்றோர ஊர்களையும் வெள்ளத்தினின்று காப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. அணையின் மதகுகளிலிருந்து பாயும் நீரின் வேகத்தைத் தணிக்க, அடியில் கற்காரையால் ஆன தணிப்புத் தொட்டி ஒன்று உண்டு. இத்தொட்டி சிதைந்தால் நாளடைவில் அணையின் அடிக்கே ஊறு நேரும்.

மதகுகள் எல்லாவற்றையும் ஒரே சீராகத் திறவாமல் ஒரு பக்கத்து மதகுகளையே மிகுதியாகத் திறந்து வந்தனர். அதனால் தொட்டியில் சுழல் உண்டாயிற்று. அச்சுழல் கீழ்ப்புறத்து ஆற்றுப் படுகையிலிருந்து கற்களைத் தொட்டிக்குள் இழுத்துவந்தது. உள்ளே புகுந்த கற்கள் வெளியேற வழியின்றி, உரலில் இட்ட குழவிபோல் இரவும் பகலும் சுழன்று அரைத்தன. சில ஆண்டுகளிலேயே தளம் சிற்சில இடங்களில் 3 அடிக்கு மேல் குழிந்துவிட்டது.

1973–74இல் பெருஞ்செலவில் பழுது பார்த்தனர். எஃகு இழைகள் கலந்த கற்காரை அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இழைகள் கற்காரை விரிசல் விட்டுப் பிளவாதபடி பிணைத்து நிற்பன, மோதலைத் தாங்குவன. ஆதலின் கற்களின் அரைப்பையும் அவை தாங்கும் என்று எதிர்பார்த்தது இயல்பே. ஆனால் ஆறு அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது. புதுத் தளமும் விரைந்து தேயத் தொடங்கிற்று.

இத்தகைய சிதைவுகளின் காரணத்தை ஆராய, அமெரிக்கப் படைத்துறைப் பொறியாளர் பிரிவின் விக்ஸ்பர்க் ஆய்வு நிலையத்தில் டோனி லியூ என்னும் அறிஞர் புதியதொரு சோதனையை வகுத்தார். இதன் அமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. உருளைப் பாத்திரத்தின் அடியில் கற்காரை வட்டு ஒன்றை வைத்து, மேலே நீர் நிரப்புவர். அந்நீரில் மூவகைப் பருமனுள்ள 70 எஃகுக் குண்டுகளை இடுவர். நிமிடத்திற்கு 1,200 சுற்று வேகத்தில் துடுப்பு ஒன்று நீரைச் சுழற்ற, குண்டுகள் வட்டின்மேல் உருண்டு தேய்க்கும். 12 மணிக்கு ஒருமுறை எடுத்து நிறுத்து, மொத்தம் 72 மணி நேரம் சோதிப்பர். தணிப்புத் தொட்டியின் சுழலையே சிறிய அளவில் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்த முறை இது.

1980ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த முடிபுகள் பலருக்கும் வியப்பளித்தன. ஒரே வகைச் சல்லியும் ஒரே நீர்–சிமெண்டு விகிதமும் கொண்டபோது, எஃகு இழைக் கற்காரை சாதாரணக் கற்காரையைக் காட்டிலும் மிகுதியாகவே தேய்ந்தது. இழைகளுக்கு இடந்தரும் பொருட்டு அதில் பருஞ்சல்லி குறைக்கப்பட்டு, மென்மையான சாந்து மிகுந்திருந்ததே காரணம். நீரடி அரைப்பைத் தாங்குவது கடிய கல்லே என்பதும் விளங்கிற்று. சுண்ணாம்புக்கல் சல்லி இட்ட கற்காரை, சக்கிமுக்கிக் கல் இனத்தைச் சார்ந்த கடிய கல் இட்ட கற்காரையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தேய்ந்தது.

அச்சோதனையைக் கொண்டே கின்சுவா அணைக்குரிய கலவைகளும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. 1983இல் சிலிக்காப் புகைத்தூள் சேர்த்த கற்காரை தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தூள் சிலிக்கான் உலோகத் தொழிலில் கிடைக்கும் துணைப்பொருள். அதன் துகள் சிமெண்டுத் துகளில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே பருமனுடையது. சிமெண்டு மணிகளின் இடைவெளிகளில் புகுந்து நிரம்புவதோடு, சிமெண்டு இறுகும்போது வெளிப்படும் சுண்ணத்தோடு கூடிப் புதிய பிணைப்பையும் உண்டாக்கும். அதனால் சாந்தே கல்லோடு ஒத்த கடினம் பெறுகின்றது. அக்கற்காரையின் வலிமை சதுர அங்குலத்திற்கு 12,000 பவுண்டைத் தாண்டியது. பின்னர்த் தொட்டியை ஆராய்ந்தபோது தேய்வு மிகக் குறைந்திருந்தது. மதகுகளைச் சீராகத் திறந்து, கற்கள் புகாதவாறு காத்ததும் அதற்குத் துணை செய்தது என்பதை மறத்தலாகாது. நீரடிச் சோதனை 1989இல் நியமமாக ஏற்கப்பட்டுப் பல நாட்டாராலும் கையாளப்பட்டு வருகின்றது.

வினாவும் விடையும்

பெல்போன்டைன் தெருவில் ஐந்தாண்டு. விக்ஸ்பர்க் பாத்திரத்தில் 72 மணி. சாப்ளின் பொறியில் கால்மணி. இவ்வாறு காலம் சுருங்கச் சுருங்க, சோதனை செய்வோர்க்கு விழிப்பும் பெருக வேண்டியதாயிற்று. தெரு, தான் எதிர்கொண்ட எல்லாத் தேய்வையும் ஒருங்கே காட்டியது. பொறியோ கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை சொல்லும். சக்கரத்தைப் பற்றிக் கேட்டால் சக்கரத்தைப் பற்றியே சொல்லும். ஆற்றுக் கல்லைப் பற்றி அது வாய் திறவாது. கின்சுவாவில் முதல் முறை பழுது பார்த்தவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர்கள் கேட்க வேண்டிய வினாவைக் கேட்பதற்கு ஏற்ற பொறி அன்று இல்லை என்பதே குறை.

வகுப்பறையில் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர் எவரும் இவ்வுண்மையை அறிவர். உருப்போட்டதை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வில் முதல்வனாக வந்த மாணவன், சிந்தித்து எழுதச் சொல்லும் தேர்வில் தடுமாறுவதுண்டு. தேர்வில் பெற்ற எண் பொய்யன்று. அவ்வெண் எதனை அளந்தது என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதனையே சான்றாகக் கொள்வதே பிழை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று கண்டவர் தமிழ் முன்னோர். எந்த எறும்பு, எந்தக் கல், எத்தனை நாள் என்று பிரித்துக் கேட்கத் தொடங்கியபோது, அக்காட்சி அளவையாக வளர்ந்தது.